போர்க்காலப் பிரசங்கத்தில் புலம்பலுக்கு இடம் எங்கே? வார்சா கெட்டோவின் அருளுரைகளை முன்வைத்து

பதிவு 1: கல்மேடை (இழையைத் தொடங்கியவர்)

அன்பர்களுக்கு வணக்கம். நான் இறையியல் பட்டம் பெற்றவன் அல்லன். நெடுங்காலமாகச் சபையில் உதவிப் பிரசங்கியாராக இருந்துவரும் பள்ளி ஆசிரியன். சில மாதங்களுக்கு முன்பு ஓர் இளைஞனின் அடக்க ஆராதனையில் அமர்ந்திருந்தேன். பிரசங்கம் செய்தவர் வேதாகமத்தின் புலம்பல் நூலைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவரோ நேராக மூன்றாம் அதிகாரத்தின் 22, 23ஆம் வசனங்களுக்குப் போய், “நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே” என்று வாசித்து, அங்கேயே தொடங்கி அங்கேயே முடித்துவிட்டார். பெட்டியின் தலைமாட்டில் இருந்த தாயின் காதில் ஒரு சொல்லும் விழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நூலில் 154 வசனங்கள் இருக்கின்றன. மீதி 152 வசனங்களும் அந்தத் தாயைப் போன்றவர்களுக்காகத்தானே எழுதப்பட்டன என்ற நினைப்பு அன்றிலிருந்து என்னை விடவில்லை.

அந்த நினைப்போடு படித்துக்கொண்டு போனபோதுதான், வார்சா கெட்டோவில், அதாவது ஜெர்மானியர் யூதர்களை அடைத்து வைத்த நகர்ப்பகுதியில், வாழ்ந்த யூத குரு ரபி கலோனிமஸ் கல்மான் ஷபீராவின் அருளுரைகளை வந்தடைந்தேன். 1889இல் போலந்தில் பிறந்தவர். வார்சாவுக்கு அருகிலுள்ள பியாசெச்னோ என்ற ஊரில், யூதரின் பக்தி இயக்கமான ஹசிதியத்தின் சமயத் தலைவர். 1923இல் வார்சாவில் பெரிய தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) கல்விக்கூடம் ஒன்றை நிறுவியவர். பிள்ளைகளின் உள்ளத்தை அறிந்து கற்பிப்பது பற்றி நூல் எழுதியவர். போர் தொடங்கிய 1939 செப்டம்பரிலிருந்து 1942 ஜூலை 18 வரை, ஓய்வுநாட்களிலும் பண்டிகைகளிலும் தம்மைச் சுற்றி இருந்தவர்களிடம், அங்குள்ள யூதர்களின் பேச்சுமொழியான இத்தீஷில் பேசினார். ஓய்வுநாளில் எழுதுவது யூதர்களுக்கு விலக்கப்பட்ட செயல் ஆகையால், நாள் முடிந்தபின் நினைவிலிருந்து எபிரேயத்தில் எழுதி வைத்தார்.

அவருடைய முதல் இழப்பு எல்லாருக்கும் முந்தியே வந்தது. 1939 செப்டம்பர் இறுதியில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அவருடைய ஒரே மகன் படுகாயமுற்றார். அந்த மகனைப் பார்க்க மருத்துவமனை வாசலில் நின்றிருந்த மருமகளும் மைத்துனியும் இன்னொரு குண்டுக்கு இரையானார்கள். கூடாரப் பண்டிகையின் இரண்டாம் நாளில் மகனும் இறந்தார். சில வாரங்களில் வயது முதிர்ந்த தாயும் போய்ச் சேர்ந்தார். மனைவியோ 1937இலேயே காலமாகிவிட்டார்.

இத்தனைக்கும் பின், நவம்பர் 4ஆம் தேதி ஓய்வுநாளில் அவர் பேசினார். அந்த வாரத்துத் தோரா பகுதி ஆதியாகமம் 23: சாராளின் மரணம். ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய நிகழ்ச்சிக்கு அடுத்ததாகவே சாராளின் மரணம் வருகிறது. மகனுக்கு நேரவிருந்ததைக் கேள்விப்பட்டதும் அவளுடைய உயிர் பிரிந்தது என்பது யூத மரபுரை. ஷபீரா ஓர் உவமையிலிருந்து தொடங்குகிறார். உப்பைப் பற்றியும் துன்பத்தைப் பற்றியும் உடன்படிக்கை சொல்லப்பட்டிருப்பதாக, யூத மரபுச் சட்டங்களும் விளக்கங்களும் அடங்கிய தால்மூதில் ஒரு வாக்கு உண்டு. உப்பு இறைச்சியைப் பதப்படுத்தும். அளவு மிஞ்சினால் அந்த இறைச்சியை வாயில் வைக்க முடியாது. துன்பமும் மனிதன் தாங்கும் அளவில் இருந்தால்தான் மனிதனைப் பண்படுத்தும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நாம் சொல்வதில்லையா? இங்கே மிஞ்சிப் போனது அமிர்தமல்ல, துன்பம்.

அடுத்து அவர் எடுத்து வைக்கும் கருத்தை நான் பல நாள் திரும்பத் திரும்ப வாசித்தேன். சாராள் துன்பத்தைத் தாங்காமல் இறந்தது பலவீனத்தால் அன்று. “இவ்வளவு துன்பத்தை உம்முடைய ஜனத்தால் தாங்க முடியாது” என்று கடவுளுக்குக் காட்டுவதற்காகவே தன் உயிரை விட்டாள். பலியும் மரணமும் அடுத்தடுத்து வரும்படி மோசே எழுதி வைத்ததும் இதே வழக்கைக் கடவுள் முன் வைப்பதற்காகவே. தன் எஞ்சிய ஆயுளை அவள் இப்படித் துறந்தது பாவமாக எண்ணப்படவில்லை என்பதையும் அந்த வசனத்தின் சொல்லமைப்பிலிருந்தே அவர் நிறுவுகிறார்.

அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அவருடைய வீட்டில் நடந்தது தெரியும். அவர் தம் மகனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஜெர்மானியர் என்ற சொல்லும் இல்லை. சாராளைப் பற்றி மட்டுமே பேசினார்.

போர்க்காலத்தில் பிரசங்கம் செய்பவர் முதலில் யாரை நோக்கிப் பேச வேண்டும் என்பதுதான் என் கேள்வி. சபையைத் தேற்றுவதற்கு முன்னால், சபையின் சார்பாகக் கடவுளிடம் முறையிடுவதும் பிரசங்கத்தின் வேலைதானா? உங்கள் எண்ணங்களை எழுத வேண்டுகிறேன்.

பதிவு 2: வைகறை வாசகன்

கல்மேடை ஐயாவுக்கு வணக்கம். உங்கள் பதிவு மனத்தைத் தொட்டது. ஆனாலும் ஒரு தயக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

நான் மருத்துவமனை ஒன்றில் ஆன்மிகப் பணியாளனாக இருக்கிறேன். சாகக் கிடப்பவரின் படுக்கையருகே நிற்கும்போது, அவரைச் சேர்ந்தவர்கள் என் வாயிலிருந்து எதிர்பார்ப்பது ஒரு கைப்பிடி நம்பிக்கையைத்தான். “என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்” என்று ஏசாயா 40இல் கட்டளையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. புலம்பலைப் பிரசங்க மேடையில் ஏற்றினால், ஏற்கெனவே உடைந்திருப்பவரை இன்னும் உடைப்பதாக ஆகாதா? துயரத்தைத் திரும்பத் திரும்ப நினைப்பூட்டுவது காயத்தை ஆறவிடாமல் கிளறுவது போன்றது. அந்தப் போதகர் 3:22க்குப் போனதை நான் குறை சொல்ல மாட்டேன். நூலின் நடுவில், மூன்றாம் அதிகாரத்தின் நெஞ்சில், அந்த வசனம் காரணத்தோடுதான் வைக்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்று. போர்க்காலத்தில் பழைய துன்பத்தை நினைப்பூட்டும் பிரசங்கம் எளிதாகப் பழிவாங்கும் பிரசங்கமாக மாறிவிடும். “பாபிலோன் ஆறுகள் அருகே” என்று தொடங்கும் 137ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தை நாம் யாரும் சபையில் வாய்விட்டு வாசிப்பதில்லை. ஏன் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பதிவு 3: ஏட்டுக்குருவி

மொழியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். விவாதத்துக்கு உதவும் என்று நம்புகிறேன்.

புலம்பல் நூலின் முதற்சொல் எபிரேயத்தில் ‘ஏகா’. “எப்படி” என்று பொருள். நூலுக்கு எபிரேய மரபில் வழங்கும் பெயரும் அதுவே. நம் பழைய மொழிபெயர்ப்பில் அது “ஐயோ!” ஆகியிருக்கிறது: “ஐயோ! ஜனம் பெருத்த நகரி தனிமையாக உட்கார்ந்திருக்கிறாளே!” ஒப்பாரியின் ஓசை தெரிந்த காதுக்கு இந்த மொழிபெயர்ப்பு அழகானது, மொழிபெயர்த்தவர் இழவு வீட்டு முற்றத்தில் நின்றவர் என்று தோன்றும். ஆனாலும் ஒன்று கைநழுவிவிட்டது. “ஐயோ” என்பது அலறல். “எப்படி” என்பது கேள்வி. எபிரேய நூல் கேள்வியோடு தொடங்குகிறது. கேள்வி என்றால் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். ஏசாயா 1:21இல் அதே சொல் வரும்போது நம் மொழிபெயர்ப்பிலும் “எப்படி” என்றே இருக்கிறது. ஷபீரா கடவுளிடம் வழக்காடினார் என்றால், அதற்கான இடம் நூலின் முதற்சொல்லிலேயே இருந்தது.

அடுத்தது நூலின் கட்டுமானம். முதல் நான்கு அதிகாரங்களும் எபிரேய எழுத்துகளின் வரிசையில் அமைந்தவை. 22 எழுத்துகள், ஆகவே 22 வசனங்கள். மூன்றாம் அதிகாரத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று வசனம் வீதம் 66. ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனங்கள் உண்டு, எழுத்து வரிசைதான் இல்லை. அகரவரிசை கட்டிக்கொண்டு அழுதவர், கடைசியில் அந்தக் கட்டும் அவிழ்ந்து வெறும் எண்ணிக்கையோடு நிற்கிறார். தமிழில் இதைக் கொண்டுவர முடியாது. அந்தாதியும் சித்திரகவியும் பாடிய மரபுக்காரர்களுக்கு, வடிவத்தைப் பற்றிக்கொண்டு துயரத்தைக் கடக்க முயல்வது என்னவென்று மட்டும் புரியும். நம் புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்களும் அப்படித்தான். பாரி மகளிர் “அற்றைத் திங்கள்” என்று தொடங்கி ஐந்தே அடிகளில் நிறுத்திவிடுகிறார்கள். ஆறுதல் சொல்ல அங்கே ஒரு தோழியும் வருவதில்லை.

வைகறை வாசகன் அவர்களுக்கு ஒன்று: 3:22 நடுவில் இருப்பது உண்மை. அதே அதிகாரம் 44ஆம் வசனத்தில், ஜெபம் உட்பிரவேசிக்கக்கூடாதபடிக்குக் கடவுள் மேகத்தால் தம்மை மூடிக்கொண்டார் என்று சொல்வதும் உண்மை. நூலோ நம்பிக்கையில் முடிவதில்லை. “எங்களை முற்றிலும் வெறுத்துவிடுவீரோ? எங்கள்பேரில் கடுங்கோபமாயிருக்கிறீரே” என்பதுதான் 5:22. யூதர்கள் இந்நூலை வாசிக்கும்போது அந்த வசனத்தோடு நிறுத்தாமல், “எங்களை உம்மிடத்தில் திருப்பிக்கொள்ளும்” என்ற 21ஆம் வசனத்தை மறுபடி ஒருமுறை உரக்கச் சொல்லி முடிப்பது வழக்கம். கடைசி வசனத்தை அழித்துவிடவும் இல்லை. அதோடு வீட்டுக்கு அனுப்பிவிடவும் இல்லை.

பதிவு 4: கல்மேடை

ஏட்டுக்குருவி அவர்களுக்கு நன்றி. வைகறை வாசகன் ஏசாயா 40ஐச் சொன்னதும் நல்லதாயிற்று. யூத நாட்காட்டி அந்தக் கேள்விக்கே ஒரு விடையை வைத்திருக்கிறது.

ஆப் மாதம் 9ஆம் நாள் இரண்டு ஆலயங்களும் இடிந்ததை நினைக்கும் நோன்பு நாள். அன்று விளக்கைத் தணித்து, தரையில் அமர்ந்து, புலம்பல் முழுவதையும் வாசிக்கிறார்கள். அதற்கு முந்திய ஓய்வுநாளில் வாசிக்கப்படுவது ஏசாயா 1, கண்டிப்பின் தரிசனம். அடுத்து வரும் ஓய்வுநாளில்தான் ஏசாயா 40. அங்கே தொடங்கி ஏழு வாரம் ஆறுதலின் வாசகங்கள் தொடர்கின்றன. ஆறுதலுக்கு இடம் இருக்கிறது. அது புலம்பல் முழுவதும் வாசிக்கப்பட்ட பிறகு வருகிறது. நம் அடக்க ஆராதனைகளிலோ புலம்பலுக்கு வேண்டிய நேரத்தையும் ஆறுதலே எடுத்துக்கொள்கிறது. அழ வேண்டியவர் அழுது முடிக்கும்முன் அவர் கண்ணைத் துடைப்பது நம் மனநிம்மதிக்காகத்தானோ என்று எனக்கு நெடுநாளாக ஐயம்.

1942இல் அந்த நாட்காட்டி வார்சாவில் எப்படி விழுந்தது என்று பாருங்கள். ஜூலை 18, நோன்புக்கு முந்திய ஓய்வுநாள். ஷபீராவின் கையெழுத்துப் படியில் உள்ள கடைசி அருளுரை அந்த நாளுக்குரியது. ஜூலை 22, நோன்பின் முந்திய நாள்: கெட்டோவிலிருந்து திரெபிளிங்கா கொலை முகாமுக்கு ரயில்கள் புறப்படத் தொடங்கின. மறுநாள், புலம்பல் வாசிக்கும் நாளில், யூத நிர்வாகக் குழுவின் தலைவர் ஆதாம் செர்னியாக்கோவ், பிள்ளைகளையும் அனுப்பும் ஆணையை நிறைவேற்ற மனமின்றி உயிரை மாய்த்துக்கொண்டார். “ஆற்றுங்கள், தேற்றுங்கள்” என்று வாசிக்க வேண்டிய ஓய்வுநாள் ஜூலை 25. அதற்குரிய அருளுரை எதுவும் அந்தக் கையெழுத்துப் படியில் இல்லை. செப்டம்பர் 21க்குள் ஏறத்தாழ 2,65,000 பேர் திரெபிளிங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அழுகை மனிதனை உடைக்கும் என்ற அச்சத்தையும் ஷபீரா நேரில் எடுத்துப் பேசியிருக்கிறார். 1942 மார்ச் 14 அருளுரை. எரேமியா 13:17இல் “என் ஆத்துமா மறைவிடங்களில்” என்று வருகிறது அல்லவா? அந்த வசனத்தை வைத்து, கடவுளுக்கு அழுவதற்கென்று ஓர் உள்ளறை உண்டு என்று தால்மூது சொல்கிறது. ஷபீரா அதை இப்படி விரிக்கிறார்: கடவுளின் துக்கம் எல்லையற்றது, உலகம் அதைத் தாங்காது, ஆகவே அவர் மறைவில் அழுகிறார். தன் துன்பத்தைத் தனக்குள்ளே வைத்து அழுபவன் உடைந்து விழுகிறான். ஒரு வார்த்தையும் வாசிக்க இயலாதபடி முறிந்து போகிறான். கடவுளோடு சேர்ந்து அழுபவனுக்கு அந்த அழுகையே பலம் தருகிறது. அவன் எழுந்து மறுபடியும் தோராவைக் கையில் எடுக்கிறான். இதைச் சொன்னவர் பட்டினியின் நடுவே, தம் வீட்டில் ஏழைகளுக்கான உணவுக்கூடம் நடக்க இடங்கொடுத்திருந்தவர். மருத்துவமனைப் படுக்கையருகே நிற்கும் உங்களுக்கு இது எப்படிப் படுகிறது என்று அறிய விரும்புகிறேன்.

பதிவு 5: தென்மராட்சிக்காரி

கல்மேடை ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண். இப்போது வேறு நாட்டில் இருக்கிறேன். இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பிரசங்கமே புலம்பலாக இருந்த ஒரு வழக்கம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து ஊழியம் செய்த யாக்கோமே கொன்சால்வஸ் சுவாமிகள் ‘வியாகுலப் பிரசங்கம்’ எழுதினார். தவக்காலத்தில் கோவிலில் அதை இராகத்தோடு வாசிப்பார்கள். வாசிப்பவர் குருவானவராக இருக்க வேண்டும் என்றில்லை. ஊரில் குரல் உள்ள ஆள் எவரும் வாசிக்கலாம். சின்ன வயதில் அது எனக்கு நீளமாகவும் சலிப்பாகவும் இருந்தது. கிழவிகள் ஏன் ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் அழுகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். “அவரவர் சாவை அவரவர் அதில் அழுகினம்” என்றார் அம்மா.

1995 ஜூலை 9ஆம் நாள் நவாலி புனித பேதுருவானவர் கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த சனத்தில் நூறு பேருக்கு மேல் விமானக் குண்டுவீச்சில் செத்தார்கள். அந்த ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் ஓரிரவில் கிளம்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை. பாலத்தில் ஓர் அடி வைக்க ஒரு மணி நேரம் பிடித்தது போல எனக்கு நினைவு. நாங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு கோவில் விறாந்தையில் ஒரு மாதம் கிடந்தோம். அங்கே இருந்த வயதான குருவானவர் முதல் ஞாயிறு பூசையில் பிரசங்கம் வைக்கவில்லை. புலம்பல் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். “கர்த்தாவே, எங்களுக்கு நேரிட்டதை நினைத்தருளும்” என்பது அதன் முதல் வரி. எங்கள் வீடுகள் புறத்தேசத்தார் வசமாயின என்ற வரி வந்தது. தண்ணீரைப் பணத்துக்கு வாங்கிக் குடிக்கிறோம், விறகு விலைக்கு வருகிறது என்ற வரி வந்தபோது முன்வரிசையில் இருந்த என் அப்பு, கோவிலென்றும் பாராமல், “ஓம், ஓம்” (ஆம், ஆம்) என்று உரக்கச் சொன்னார். வீட்டில் ஆறு பரப்புக் காணியும் நல்ல தண்ணீர்க் கிணறும் விட்டுவிட்டு வந்த மனுசன் அவர். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய சனமும் விறகுக்கு விலை கொடுத்தது என்று அறிந்ததில் அவருக்கு என்ன கிடைத்தது என்று எனக்கு விளக்கத் தெரியாது. அன்று இரவு அவர் முதல்தரம் சாப்பிட்டார்.

வைகறை வாசகன் அவர்களே, காயத்தைக் கிளறுவது பற்றி நீங்கள் எழுதியதைக் கோபமில்லாமல்தான் வாசித்தேன். எங்களுக்கு நேரிட்டதைப் பேசாமல் விட்டவர்களின் கையில் எங்கள் காயம் ஆறியதில்லை.

பதிவு 6: நிலைக்கதவு

ஒரு கடினமான கேள்வியை எழுப்ப விரும்புகிறேன். யாரையும் புண்படுத்த எண்ணமில்லை. புலம்பும் உரிமை எல்லாருக்கும் ஒரேமாதிரி உண்டா?

ஜெர்மானியரின் பக்கத்தைப் பாருங்கள். முதல் உலகப் போரின் தொடக்க நாட்களில், 1914 ஆகஸ்ட் 4ஆம் நாள், பெர்லின் பேராலயத்தில் அரசவைப் பிரசங்கியார் எர்ன்ஸ்ட் டிரையாண்டர் எடுத்த வசனம் ரோமர் 8:31: “தேவன் நம்முடைய பட்சத்திலிருந்தால் நமக்கு விரோதமாயிருப்பவன் யார்?” பவுல் ஒடுக்கப்பட்ட சிறு கூட்டத்துக்கு எழுதிய வரி பேரரசின் படைக்குக் கவசமாயிற்று. அதற்கு அடுத்த போர் முடிகிற தறுவாயில், 1945 பிப்ரவரியில், டிரெஸ்டன் எரிந்தது. அந்நகரின் திருச்சிலுவை ஆலயப் பாடகர் குழுத் தலைவர் ருடோல்ஃப் மவுவர்ஸ்பெர்கர் புலம்பல் வசனங்களைக் கோத்து இசையமைத்தார். 1945 ஆகஸ்ட் 4ஆம் நாள், எரிந்து கூடாக நின்ற அதே ஆலயத்தில் அது பாடப்பட்டது. குழுவின் சிறுவர்கள் பதினொருவர் குண்டுவீச்சில் இறந்திருந்தார்கள். அந்தச் சிறுவர்களுக்காக அழுவதை எவர் தடுப்பார்? ஆயினும் எரிந்த வார்சாவுக்காக அதே ஆலயங்களில் யார் அழுதார்கள் என்ற கேள்வி கூடவே வருகிறது. 1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில் ஜெர்மன் சுவிசேஷ சபைத் தலைவர்கள் வெளியிட்ட குற்ற அறிக்கை, எங்களால் பல நாடுகளுக்கும் மக்களுக்கும் அளவற்ற துன்பம் நேர்ந்தது என்று ஒப்புக்கொண்டது. யூதர் என்ற சொல் அதில் இல்லை.

புலம்பல் நூலுக்குள்ளேயே “ஐயோ, நாங்கள் பாவஞ்செய்தோமே” என்ற வரி இருக்கிறது (5:16). அதை விழுங்கிவிட்டு மீதியைப் பாடுகிற சபை, துன்பத்தை நினைவுகூருவதாகச் சொல்லிக்கொண்டு பாதியை மறக்கிறது. இதன் மறுபக்கமும் உண்டு. ஷபீராவின் மக்களிடம் போய் “நீங்கள் பாவம் செய்ததால்” என்று அதே வரியைச் சொல்வது கொடுமை. எருசலேமின் அழிவு யூதர்களுக்குக் கிடைத்த தண்டனை என்று கிறிஸ்தவ மேடைகள் நூற்றாண்டுக் கணக்கில் பேசியிருக்கின்றன. அந்தப் பேச்சுக்கும் 1942க்கும் நடுவே தொடர்பே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆகவே நாம், கிறிஸ்தவர்கள், இந்த ரபியை நம் பிரசங்கத்துக்கு மேற்கோளாக எடுக்கும்போது கை நடுங்க வேண்டும்.

பதிவு 7: வைகறை வாசகன்

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். தென்மராட்சிக்காரி அம்மாவின் பதிவுக்கு உடனே பதில் எழுத என்னால் முடியவில்லை.

என் நிலையில் ஒரு பாதியை விட்டுக்கொடுக்கிறேன். புலம்பல் உடைந்தவரை உடைக்கும் என்று எழுதியது தவறு. “ஓம், ஓம்” என்று சொன்ன பெரியவர் எனக்கு அதைக் காட்டிவிட்டார். அவருக்குக் கொடுக்கப்பட்டது ஆறுதலே; அது ஆறுதல் என்ற பெயரோடு வரவில்லை, அவ்வளவுதான்.

மறு பாதியை விட மாட்டேன். பழிவாங்கும் நினைவைப் பற்றிய என் அச்சத்துக்கு இன்னும் விடை வரவில்லை. உபாகமம் 25:17 “அமலேக்கு உனக்குச் செய்ததை நினைத்திரு” என்கிறது. புலம்பல் 5:1 “எங்களுக்கு நேரிட்டதை நினைத்தருளும்” என்கிறது. ஒன்றில் நினைக்க வேண்டியவர் மனிதர், மற்றதில் கடவுள். போர்க்காலப் பிரசங்கி இந்த இரண்டில் எதைக் கையில் எடுக்கிறார் என்பதைப் பொறுத்துச் சபை வேறு வேறு திசையில் நடக்கும். நினைவைக் கடவுளிடம் ஒப்படைத்தால் பழியும் அவர் கைக்குப் போகும். 137ஆம் சங்கீதத்தின் அந்தக் கொடிய கடைசி வரியைக்கூட இப்போது அப்படித்தான் வாசிக்கப் பார்க்கிறேன்: அதைச் சொன்னவன் கையில் வாள் இல்லை; அலரிச்செடிகளில் தூக்கிவைத்த கின்னரம் மட்டும் இருந்தது. அந்த வரியைச் சங்கீதமாகக் கடவுளிடம் சொன்னான். அதே வரியைப் படைக்கலம் வைத்திருப்பவனுக்கு மேடையிலிருந்து வாசித்துக் காட்டுவது முற்றிலும் வேறு செயல். இதில் ஷபீராவின் நடை எப்படி என்று கல்மேடை ஐயா சொன்னால் நல்லது.

பதிவு 8: கல்மேடை

நீங்கள் பிரித்துக் காட்டியது சரியாகப்படுகிறது. பகைவரைப் பெயரிட்டுத் திட்டுவதில் அவர் தம் அருளுரைகளைச் செலவழிக்கவில்லை என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும். தொடக்கத்தில், துன்பத்தைச் சீர்திருத்தும் தண்டனையாகப் பார்க்கும் மரபான பேச்சு அவரிடமும் உண்டு. ஆண்டுகள் போகப் போக அது குறைந்து, கடவுளும் சேர்ந்து துன்பப்படுகிறார் என்ற பேச்சு மிகுகிறது.

நிலைக்கதவு சொன்ன எச்சரிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டே, இந்த இழையைத் தொடங்கும்போது எழுதாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

1941 டிசம்பரில், ஹனுக்கா பண்டிகையின்போது ஓர் அருளுரை. இத்தனை துன்பம் முன்பு யாருக்கும் வந்ததில்லை என்று சொல்லி விசுவாசத்தில் தளர்ந்தவர்களை அவர் அதில் கண்டிக்கிறார். ஆலயம் இடிந்தபோதும், பின்னர் ரோமரிடம் பேத்தார் கோட்டை விழுந்தபோதும் இப்படிப்பட்ட துன்பங்கள் வந்தன; அப்போது விசுவாசித்த ஜனம் இப்போது ஏன் தளர வேண்டும் என்று கேட்கிறார். பழந்துன்பத்தை நினைப்பூட்டி நிகழ்காலத்தைத் தாங்க வைப்பது, எல்லாப் போர்க்காலப் பிரசங்கிகளும் செய்ததுதான், நானும் செய்வேன்.

ஓராண்டு கழிகிறது. ரயில்கள் போய்விட்டன. 1942 நவம்பர் 27, வெள்ளிக்கிழமை, ஓய்வுநாள் தொடங்கும் முன்பு, அவர் அந்தப் பழைய அருளுரைக்கு ஒரு குறிப்பு சேர்க்கிறார். அதன் கருத்து: நான் சொன்னது யூத ஆண்டு 5702இன் (1942 செப்டம்பரில் முடிந்தது) இறுதிவரை வந்த துன்பங்களுக்குப் பொருந்தும், அவற்றைப் போன்றவை முன்பும் இருந்தன. அந்த ஆண்டின் இறுதியில் நேர்ந்தவற்றைப் போன்றவை, நமக்குத் தெரிந்த அளவில், இதற்கு முன்பு நேர்ந்ததே இல்லை.

அருளுரையை அவர் அடிக்கவில்லை. தாம் சபையில் சொன்னதை அப்படியே விட்டு, அது தவறிப்போன எல்லையை அதனோடு எழுதி வைத்தார். கேட்டவர்களில் பெரும்பாலோர் அதற்குள் உயிரோடு இல்லை. திருத்தம் யாருக்குப் போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பழைய புலம்பலின் அளவுகோல் இன்றைய துன்பத்துக்குப் போதவில்லை என்று ஒப்புக்கொள்ள ஒரு பிரசங்கிக்கு எவ்வளவு நேர்மை வேண்டும் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். முப்பது வருடத்துப் பிரசங்கக் குறிப்புகள் என் அலமாரியில் நோட்டுப் புத்தகங்களாக இருக்கின்றன. ஒன்றிலும் இப்படி ஒரு குறிப்பு இல்லை.

1943 ஜனவரியில் அவர் அந்தத் தாள்களை, வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்பிளம் கெட்டோவில் மறைவாகச் சேர்த்துவந்த ஆவணத் தொகுப்பில் சேர்க்கக் கொடுத்தார். கண்டெடுப்பவர் இதைத் தெல் அவீவில் இருக்கும் என் தம்பியிடம் சேர்க்க வேண்டும் என்று கடிதமும் வைத்தார். உலோகப் பால் கலங்களில் அடைத்து நிலத்தடியில் புதைத்தார்கள். அவரை 1943 நவம்பரில் திராவ்னிக்கி முகாமில் சுட்டுக் கொன்றார்கள். 1950 டிசம்பரில் இடிபாடுகளுக்கடியிலிருந்து கலங்கள் வெளியே வந்தன. தம்பி 1945லேயே இறந்துவிட்டிருந்தார். அருளுரைகள் 1960இல் இஸ்ரேலில் அச்சாயின.

பதிவு 9: ஏட்டுக்குருவி

ஐயா, அந்தத் தாள்களுக்கு அவரே இட்ட தலைப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ‘சினத்தின் ஆண்டுகளில் சொன்ன தோரா விளக்கங்கள்’ என்ற பொருளில்தான் அவர் பெயரிட்டிருந்தார். இன்று வழங்கும் ‘புனித நெருப்பு’ என்ற பெயர் பதிப்பித்தவர்கள் கொடுத்தது. நெருப்பு என்ற சொல்லுக்கு நமக்கு வேறு நினைவுகள் எழும். அவரோ ஆண்டுகளின் பெயரை மட்டும் எழுதினார்.

பதிவு 10: வைகறை வாசகன்

எங்கள் மருத்துவமனைச் சிற்றாலயத்தில் மாதத்தின் கடைசி வெள்ளியன்று, அம்மாதம் இறந்தவர்களின் குடும்பத்தார் கூடும் ஒரு ஜெப வேளை உண்டு. வழக்கமாக நான் 23ஆம் சங்கீதத்தைச் சொல்லிப் பத்து நிமிடம் பேசுவேன். இம்முறை புலம்பல் ஐந்தாம் அதிகாரத்தை, தென்மராட்சிக்காரி அம்மா சொன்ன குருவானவரைப் போல, நிறுத்தி நிறுத்தி வாசிக்க அனுமதி கேட்டிருக்கிறேன். 22ஆம் வசனத்தோடு நிறுத்துவதா, 21ஐ மறுபடி ஒருமுறை சொல்லி முடிப்பதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. அம்மா, உங்கள் குருவானவர் அன்று எந்த வசனத்தில் நிறுத்தினார் என்று நினைவிருக்கிறதா?

பதிவு 11: தென்மராட்சிக்காரி

22இல் நிறுத்தினார், தம்பி. பிறகு கன நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றார். 21ஐத் திரும்பச் சொன்னது விறாந்தையின் பின்பக்கம் இருந்த ஒரு கிழவி. வேதாகமத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சற்று முன்பு கேட்ட வரியைப் பிடித்துக்கொண்டு, அரைகுறையாக, “எங்களைத் திருப்பிக்கொள்ளும்” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு குருவானவர் பூசையைத் தொடர்ந்தார்.